அப்பத்தாவின் அட்டிகை: 57 சிவப்புக் கற்களும் ஒரு ரௌத்திரி வருஷமும்

காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பாகப்பிரிவினைக்காகக் கொண்டுவந்த அட்டிகை இது. அப்பத்தா காலமாகி, நகைகளை மூன்று பேர் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூத்த அக்கா ஊரிலேயே இருக்கிறார், தம்பி சென்னையில், கடைசித் தங்கை சிங்கப்பூரில். வளையல், சங்கிலி எல்லாம் எடை போட்டுப் பிரிந்துவிட்டன. அட்டிகையில்தான் சிக்கல். அவர்களிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

கல் பரிசோதனை செய்யும் என் மேசைக்கு வரும்போதே அட்டிகையோடு இரண்டு தீர்ப்புகளும் வந்தன. ஒன்று குடும்பத்தின் தீர்ப்பு. “பூராவும் பர்மா கெம்பு சார். 160 வருஷத்துச் சாமான்” என்றார் அக்கா. இன்னொன்று தம்பி விசாரித்த நகைக்கடையின் தீர்ப்பு: எல்லாமே சிந்தெடிக் கல், கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டு உருக்கு விலைக்கு, அதாவது உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைக்கு, வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறோம். கடைக்காரர் பத்து நிமிஷம் கூடப் பார்க்கவில்லையாம். ஒரு யூவி (புற ஊதா) விளக்கை அடித்தார், கற்கள் பளீரென்று சிவந்தன, முடிந்தது.

இரண்டு தீர்ப்பும் தவறு. ஆனால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதைப் பிரித்தெடுத்த கதைதான் இந்த ஆய்வு.

பொருள்

கழுத்தை ஒட்டிப் போடும் அட்டிகை. 22 வில்லைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சிவப்புக் கற்கள். நடுவில் பதக்கம். பதக்கத்தின் மையத்தில் ஒரு பெரிய சிவப்புக் கல், அதைச் சுற்றி 12 சிறிய கற்கள், மேலே ஒன்றையொன்று பார்த்த இரண்டு அன்னங்கள், அவற்றின் உடலில் பச்சைக் கற்கள், கீழே முத்துத் தொங்கல். ஆகச் சிவப்புக் கல் மட்டும் 57.

தென்னிந்தியக் கல் நகைகளில் பெரும்பாலானவற்றைப் போலப் பின்பக்கம் மூடியது. தங்கக் கூட்டுக்குள் அரக்கு, அரக்கின் மேல் ரேக்கு எனப்படும் மெல்லிய உலோகத் தகடு, அதன் மேல் கல், கல்லைச் சுற்றிச் சுத்தத் தங்க ஏடு. 24 காரட் தங்கத்தை மெல்லிய ஏடாக அடித்துக் கல்லின் ஓரத்தில் வைத்து அழுத்தினால், சூடில்லாமலே ஏடும் ஏடும் ஒட்டி ஒரே உலோகமாகிவிடும். 22 காரட்டில் இது நடக்காது. அதனால்தான் கூடு 22 காரட்டுக்குக் கிட்டத்தட்ட இருந்தாலும், கல்லைப் பிடித்திருக்கும் ஓரம் மட்டும் பத்தரைமாற்றாக இருக்கும்.

இந்த வேலைப்பாடு அழகுக்கு நல்லது, பரிசோதனைக்குக் கஷ்டம். கல்லின் பின்னாலிருந்து வெளிச்சம் விட முடியாது. கல்லைத் தனியாக எடுத்து அடர்த்தி பார்க்க முடியாது. கல் ஆய்வில் வழக்கமாகச் செய்வது போல நகையைத் திரவத்தில் முக்கிப் பார்க்கவும் கூடாது. எண்ணெய்ப் பதமுள்ள எதுவும் ரேக்குக்கும் கல்லுக்கும் நடுவில் புகுந்துவிட்டால் நிறம் கெட்டுவிடும். அல்ட்ராசானிக் தொட்டி, ஆவி, வெந்நீர் எதுவும் ஆகாது, அரக்கு இளகிவிடும். கண், லென்ஸ், மைக்ராஸ்கோப், பக்கவாட்டு வெளிச்சம், யூவி விளக்கு, நிறமாலைக் கருவி, ஒளிவிலகல் எண் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், இவ்வளவுதான் முதல் சுற்றுக்கு.

ரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லைகளில் நான்கு கற்கள் கறுத்துப்போய், “செத்த கல்” மாதிரி இருந்தன. கடையில் அதையும் ஒரு குறையாகச் சொன்னார்களாம். கல்லில் குறை ஒன்றும் இல்லை. கல்லுக்கு அடியிலிருந்த வெள்ளி ரேக்குதான் ஈரம் பட்டுக் கறுத்திருந்தது. வருஷா வருஷம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்ததாக அக்கா சொன்னார். மூடிய கல் நகையைப் பூந்திக்கொட்டையில் ஊறப்போடுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தேய்ப்பதில் தப்பில்லை, ஊறப்போடுவதுதான் தப்பு.

யூவி விளக்கு சொன்னதும் சொல்லாததும்

கடைக்காரர் செய்த அதே சோதனையிலிருந்துதான் நானும் ஆரம்பித்தேன். இருட்டறையில் நீண்ட அலை யூவி விளக்கை அடித்ததும் 51 கற்கள் சிவப்பாக ஒளிர்ந்தன. ஐந்து செத்துக் கிடந்தன. ஒன்று திட்டுத்திட்டாக, மங்கலாக ஒளிர்ந்தது.

“சிவப்பாக ஒளிர்ந்தால் சிந்தெடிக்” என்று ஒரு வாய்மொழி விதி சந்தையில் சுற்றுகிறது. இது நிறைய நல்ல கற்களைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது. நாம் கெம்பு என்று சொல்லும் ரூபி என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் சிறிதளவு குரோமியம் கலந்திருப்பதால் சிவப்பு, அந்தக் குரோமியமே யூவியில் ஒளிர்கிறது. இரும்பு கலந்திருந்தால் ஒளிர்வு அமுங்கிவிடும். தாய்லாந்து ரூபி எரிமலைப் பாறையோடு தொடர்புடையது, இரும்பு அதிகம், அதனால் மங்கல். பர்மாவின் மோகோக் ரூபி பளிங்குப் பாறையில் விளைவது, இரும்பு மிகக் குறைவு, அதனால் நெருப்பாக ஒளிரும். செயற்கை ரூபியிலும் இரும்பு இல்லை, அதுவும் நெருப்பாக ஒளிரும். ஆக, பர்மா கல்லும் செயற்கைக் கல்லும் இந்த விளக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒளிர்வைப் பார்த்துக் கண்ணாடியைக் கழிக்கலாம், கார்னெட்டைக் கழிக்கலாம். இயற்கையா செயற்கையா என்பதற்கு இதில் பதில் கிடையாது.

வில்லைகளில் 38 கற்கள்

அடுத்தது மைக்ராஸ்கோப். வில்லைகளில் ஒளிர்ந்த 38 கற்களும் குவிந்த மேற்பரப்பு கொண்டவை, பட்டை தீட்டாதவை. அளவில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம், வடிவத்திலும் அப்படியே. சிலது முட்டை, சிலது ஏறக்குறைய முக்கோணம். கல்லுக்கேற்பத்தான் கூடு வளைந்திருந்தது, கூட்டுக்கேற்பக் கல் வெட்டப்படவில்லை. இதுவே ஒரு நல்ல அறிகுறி, ஆனால் சான்று இல்லை.

சான்று கல்லுக்குள் இருந்தது. பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது பெரும்பாலான கற்களில் ஊசி ஊசியான படிகங்கள் 60 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மின்னின. ரூடைல் என்ற கனிமத்தின் ஊசிகள். வியாபாரத்தில் இதைப் பட்டு என்பார்கள். சில கற்களில் கரைந்த உருண்டை ஓரமுள்ள கால்சைட் படிகங்கள், கூடவே மோகோக் கற்களில் வழக்கமாகக் காணும் பாகு கலக்கினாற்போன்ற நிறச் சுழி. பட்டு ஊசிகள் உடையாமல் முழுசாக இருந்ததால், நிறத்தை ஏற்றுவதற்காக அதிக வெப்பத்தில் சூடாக்கிய கற்கள் இல்லை என்றும் சொல்ல முடிந்தது. ஒளிவிலகல் எண் பார்க்க முடிந்த கற்களில் எல்லாம் 1.76 அல்லது 1.77. நிறமாலையில் சிவப்புப் பகுதியில் 694 நானோமீட்டரை ஒட்டி ரூபிக்கே உரிய பளிச்சென்ற கோடு.

அக்கா சொன்னதில் 38 கல் அளவுக்கு உண்மை. இயற்கை ரூபி, மோகோக் ரகத்துக்குப் பொருந்துகிற கற்கள். அறிக்கையில் “பர்மா” என்று முடிவாக எழுதவில்லை. கூட்டுக்குள் பதிந்த கல்லுக்கு ஊர் எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் செட்டிநாட்டு வீடுகளுக்கும் பர்மாவுக்கும் இருந்த உறவைத் தெரிந்த எவருக்கும் இது ஆச்சரியம் தராது. 1886-இல் மேல்பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. 1889-இல் பர்மா ரூபி மைன்ஸ் கம்பெனி மோகோக்கைக் குத்தகைக்கு எடுத்தது. நகரத்தார் கடைகள் பர்மா முழுக்கப் பரவியிருந்த அதே காலம் அது. கல் வந்த வழி தெளிவாகவே இருக்கிறது.

பதக்கத்தைச் சுற்றிய 12

இந்த நகையின் சாவி இந்தப் பன்னிரண்டில்தான் இருந்தது.

முதல் பார்வையிலேயே இவை வேறு ஜாதி. 12 கற்களும் ஒரே அளவு, ஒரே வட்டம், ஒரே நிறம், பட்டை தீட்டிய முகம். இயற்கை ரூபியில் ஒரே நிறத்தில் ஒரே அளவில் பன்னிரண்டு சேர்ப்பது லேசான காரியம் இல்லை. கை நிறையக் கல் வைத்திருக்கும் வியாபாரிக்கே மாசக்கணக்கில் ஆகும்.

மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெளிச்சத்தை ஒரு வெள்ளைத் தாளின் வழியாகப் பரவலாக்கி, பதக்கத்தை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போனேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முதல் கல்லுக்குள் கோடுகள் எழுந்தன. மிக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக, எல்லாம் ஒரே பக்கம் வளைந்து, கிராமபோன் தட்டின் கோடுகளைப் போல. கொஞ்சம் அசைத்தால் மறைந்தன. திரும்பச் சாய்த்தால் வந்தன. இரண்டாவது கல்லிலும் அப்படியே. ஐந்தாவது கல்லில் கோடுகளுக்குக் குறுக்கே, வால் நீண்ட சிறு காற்றுக்குமிழிகளின் கூட்டம்.

பூமிக்குள் வளரும் ரூபி படிகத்தின் முகங்களுக்கு இணையாக அடுக்கடுக்காக வளரும். அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணங்களில் திரும்புவதாகவும் இருக்கும். வளைந்த கோடு என்றால் பெரும்பாலும் ஒரே வழிதான். அது பாரிஸில் அகஸ்ட் வெர்னொய் கண்டுபிடித்த வழி. அலுமினியம் ஆக்சைடு தூளையும் கொஞ்சம் குரோமியம் ஆக்சைடையும் கலந்து, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரின் வழியாக மேலிருந்து மெல்லத் தூவுவார்கள். தூள் 2,000 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருகி, கீழே சுழலும் தண்டின் மேல் சொட்டி, சில மணி நேரத்தில் பேரிக்காய் வடிவக் கட்டியாக வளரும். கட்டியின் தலை எப்போதும் குவிந்திருப்பதால் அடுக்குகளும் வளைகின்றன. வேதிப்பொருளில், கடினத்தில், ஒளிவிலகலில் இது முழு ரூபி. கண்ணாடி கிடையாது. அது வளர்ந்த விதத்தின் தடயம் மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வெர்னொய் தன் முறையை 1890-களின் தொடக்கத்திலேயே முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒப்படைத்திருந்தாலும் வெளியே சொன்னது 1902-இல். 1907 வாக்கில் இந்த முறையில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் காரட் ரூபி உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ரூபிச் சந்தையே ஆட்டம் கண்டது, மோகோக் கம்பெனிக்கும் அடி விழுந்தது.

இனி, இந்த 12 கற்கள் எப்போது பதக்கத்துக்குள் வந்தன என்பதுதான் கேள்வி. பிற்காலத்தில் யாரோ மாற்றி வைத்திருந்தால் நகையின் வயதைப் பற்றி இவை ஒன்றும் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் தனித்தனியாகப் பார்த்தேன். கல்லைப் பிடித்திருக்கும் தங்க ஏடு எங்கும் கீறி எடுக்கப்பட்டு மறுபடி அழுத்தப்படவில்லை. ஏட்டின் தேய்மானம், வில்லைகளிலுள்ள தேய்மானத்தோடு ஒத்துப்போனது. கூட்டின் வட்டம் கல்லின் வட்டத்துக்குக் கச்சிதம். ஒரு கல்லின் ஓரத்தில் இருந்த விரிசல் வழியே தெரிந்த அரக்கும் வில்லைகளில் உள்ள அதே கருஞ்சிவப்பு அரக்கு. பதக்கத்தைச் செய்த பத்தரே இந்தப் பன்னிரண்டையும் வைத்திருக்கிறார்.

அப்படியானால் இந்தப் பதக்கம் 20-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்கவே முடியாது. 160 வருஷம் என்ற கணக்கு அங்கேயே விழுந்துவிட்டது.

இதை அக்காவிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. “அப்போ எங்க ஐயாவை ஏமாத்திட்டாங்களா சார்?” என்று கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நாளில் செயற்கை ரூபி புது விஞ்ஞானச் சரக்கு, உலகம் முழுக்க அந்தப் பெயரிலேயே வெளிப்படையாக விற்றது, நல்ல நகைகளில் நல்ல கற்களோடு சேர்த்தே பதித்தார்கள். மையக் கல்லைச் சுற்றி அச்செடுத்தது போலப் பன்னிரண்டு கல் வேண்டுமென்று பத்தர் நினைத்திருக்கிறார், அது கிடைத்த இடத்தில் வாங்கியிருக்கிறார். ஏமாற்ற நினைத்தவர் வில்லைகளில் 38 நல்ல ரூபியை வைத்துவிட்டு, எல்லார் கண்ணும் படுகிற பதக்கத்தில் மட்டும் செயற்கைக் கல்லை வைத்திருக்க மாட்டார். பின்னாளில் மேட்டுப்பாளையத்திலேயே சுவிஸ் கூட்டில் செயற்கைக் கல் ஆலை வந்து, திருச்சி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான கைகள் அந்தக் கல்லைப் பட்டை தீட்டின. செயற்கைக் கெம்பு அப்போதுதான் மலிவுச் சரக்கானது. அந்தக் காலத்து விலையை வைத்து இந்தப் பன்னிரண்டை எடை போடக் கூடாது.

ரௌத்திரி வருஷம்

160 வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தம்பி போனில் ஒரு படம் காட்டினார். வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பழைய சாமான் பட்டியலின் ஒரு பக்கம். கல்யாணத்துக்குக் கொடுத்த பொருட்களின் வரிசை. அதில் ஒரு வரி: கெம்பு வைத்த அட்டிகை ஒன்று. மேலே தலைப்பில் ரௌத்திரி வருஷம், ஆவணி மாதம். ஆங்கில ஆண்டு எழுதவில்லை.

தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். ரௌத்திரி 1860-இலும் வந்தது, 1920-இலும் வந்தது, 1980-இலும் வந்தது. வீட்டில் யாரோ ஒரு பெரியவர், பட்டியல் மிகப் பழையது என்ற எண்ணத்தில் 1860 என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதுவே குடும்பச் செய்தியாக நிலைத்துவிட்டது. 1860-இல் வெர்னொய் ரூபி கிடையாது. 1980-உம் இல்லை, ஏனென்றால் அப்பத்தா இந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அதற்கு வெகு காலம் முந்தையது. மிச்சம் 1920. சுடர் வழிந்து வளர்ந்த 12 கற்களும் ஒரு பட்டியலின் தலைப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஒரு நகைக்கு இத்தனை துல்லியமாக ஆண்டு சொல்லும் வாய்ப்பு எங்கள் தொழிலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

எல்லாக் கல்லும் இயற்கையாக இருந்திருந்தால் 1860 என்ற கணக்கை நானும் மறுத்திருக்க முடியாது. போலி என்று கழிக்கப்பட்ட கல்தான் இந்த நகைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது.

மையக் கல்

மையத்தில் இருந்த பெரிய கல் யூவியில் அழகாகச் சிவந்தது. நிறம் வில்லைக் கற்களைவிட ஒரு துளி ஆரஞ்சு கலந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டுத் திரவத்தில் தொட்டுப் பார்த்தபோது 1.72-ஐ ஒட்டி நின்றது. ரூபிக்கு இது குறைவு, கண்ணாடிக்கு அதிகம். நிறமாலையில் ஒரே கோட்டுக்குப் பதிலாகச் சிவப்புப் பகுதியில் பல கோடுகள் அடுத்தடுத்து நின்றன. சிவப்பு ஸ்பினெல். ஆய்வகம் ஒன்றில், லேசர் ஒளியால் கல்லின் இனத்தை அறியும் ராமன் கருவியிலும் வைத்துப் பார்த்தோம், அதே முடிவு.

ஸ்பினெல் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு. மோகோக்கில் ரூபி விளையும் அதே பளிங்கில் இதுவும் விளைகிறது. 1783-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே த லில் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை சிவப்பு ஸ்பினெல் உலகெங்கும் ரூபியாகவே வழங்கியது. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் நெற்றியில் இருக்கும் பிளாக் பிரின்ஸ் ரூபியே ஸ்பினெல்தான்.

அந்த மகுடக் கல்லில் ஒரு துளை உண்டு. முன்னொரு காலத்தில் கோத்துத் தொங்கவிட்ட கல் என்பதால் துளையிட்டிருந்தார்கள், பிறகு துளையின் வாயை ஒரு சிறிய ரூபியால் அடைத்தார்கள். நம் அட்டிகையின் ஸ்பினெல்லிலும் அதே கதை. கல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை மயிரிழைபோல ஒரு கருங்கோடு ஓடியது. முதலில் விரிசல் என்று தோன்றும். ஆனால் விரிசல் இவ்வளவு நேராகவும் உருண்டையாகவும் இருக்காது. பெரிதாக்கிப் பார்த்தால் உட்சுவரில் துளையிட்ட சுற்றுக் கீறல்கள், உள்ளே அடைத்த அரக்கு. துளையின் இரு வாயும் தங்க ஏட்டுக்குள் மறையும்படி பத்தர் கல்லைத் திருப்பி வைத்திருக்கிறார். இந்தக் கல் அட்டிகைக்கு வருவதற்கு முன் வேறொரு மாலையில் மணியாக இருந்திருக்கிறது. அட்டிகையின் ஆண்டு 1920, ஆனால் மையக் கல் அதற்கு முன்பே ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டது.

கொக்கிப் பக்கம்

மிச்சம் ஆறு. யூவியில் செத்த ஐந்தும் மங்கிய ஒன்றும் கொக்கிக்கு அருகில் ஒரே பக்கத்து மூன்று வில்லைகளில் இருந்தன. ஐந்தும் கண்ணாடி. உருண்டைக் குமிழி, தேய்ந்து மழுங்கிய மேற்பரப்பு, ஓரத்தில் சிப்பி வடிவச் சில்லு. அரக்கும் இங்கே வெளிர் பழுப்பு. இதில் விவாதமே இல்லை.

ஆறாவது சுவாரசியமானது. உண்மையான ரூபிதான், ஆனால் விரிசல்கள் ஈயக் கண்ணாடியால் நிரப்பப்பட்டது. கல்லை அசைக்கும்போது விரிசலுக்குள் நீலப் பொறி ஒன்று ஓடும், அதுதான் அடையாளம். இந்த வகைக் கல் சந்தைக்கு வந்ததே 2004 வாக்கில். ஆக இந்தப் பழுது அதற்குப் பிறகு நடந்தது. கேட்டதும் அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது: கடைசிப் பேத்தி காதுகுத்துக்கு முன்னால் கொக்கி உடைந்து ஒரு கடையில் பற்றவைக்கக் கொடுத்தார்களாம். பற்றவைத்த சூட்டில் அடுத்த மூன்று வில்லைகளின் அரக்கு உருகிக் கற்கள் விழுந்திருக்க வேண்டும். அந்த ஆறு ரூபியும் எங்கே போயின என்று இனிக் கேட்டுப் பயனில்லை. அரக்கு நகையைப் பழுதுக்குக் கொடுக்கும்போது நெருப்புக் காட்டாமல் செய்கிற பத்தரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் முன்னும் பின்னும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கற்களும் முத்துக்களும் சீக்கிரம் முடிந்தன. அன்னங்களில் இருந்த ஆறு பச்சையில் நான்கு வெளிறிய மரகதம், பச்சை ரேக்கின் தயவில் நிறம் கூடித் தெரிகிறது, இரண்டு கண்ணாடி. தொங்கல் முத்து எல்லாமே வளர்ப்பு முத்து, துளை வாயில் உள்மணியின் கோடு தெரிந்தது. கோத்திருந்தது நைலான் நூலில். பிற்காலச் சேர்க்கை.

தங்கமும் விலையும்

கடையின் உருக்கு விலையைப் பற்றித் தம்பிக்கு ஒரு கேள்வி இருந்தது. “இதுல ஹால்மார்க் இல்லையே, அதனால மதிப்புக் கம்மிதானே?” இல்லை. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோதே இதைப் போலக் கல் பதித்த குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். காரணம் எளிது. கூடு ஒரு தரம், ஏடு ஒரு தரம், நடுவில் அரக்கு, ஒரே முத்திரையில் அடங்காது. மொத்த எடையில் அரக்கு எவ்வளவு, கல் எவ்வளவு என்று பிரிக்காமல் தங்கத்தின் நிகர எடை தெரியாது. பிரித்தால் நகை இருக்காது. கடைகள் கழிக்கிற கழிவு ஒரு குத்துமதிப்பு, அது எப்போதும் கடைக்குச் சாதகமாகவே இருக்கும்.

உருக்கினால் இந்த நகையில் அழிவது தங்க வேலை மட்டும் இல்லை. 38 சூடாக்காத ரூபியும் துளையிட்ட ஸ்பினெல்லும் “கல் கழிவு” என்ற பெயரில் தட்டில் விழுந்து காணாமல் போயிருக்கும். எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தருவது இதுதான். தமிழ்நாட்டில் எத்தனை அட்டிகைகள், எத்தனை ராக்கொடிகள், எத்தனை ஜடைநாகங்கள் யூவி விளக்கின் ஒரே ஒரு பளிச்சில் தீர்ப்பாகி உலைக்குப் போயிருக்கின்றன. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் கைவினைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள், புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, புது நகை செய்ய ஆள் உண்டு. பழசைத் திரும்பச் செய்ய யாராலும் ஆகாது.

அறிக்கையில் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் கொடுத்தேன். பெரிதாக்கிய படத்தின் மேல் 1 முதல் 57 வரை குறித்து, எது ரூபி, எது ஸ்பினெல், எது செயற்கை, எது கண்ணாடி, எது பிற்காலத்தில் மாற்றியது என்று அட்டவணை. மதிப்பை மூன்று பகுதியாக எழுதினேன்: தங்கம், கற்கள், முழு நகையாக. மூன்றாவது தொகை முதல் இரண்டின் கூட்டலைவிட அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. தேதி தெரிந்த, பட்டியலும் படமும் உள்ள நகை அபூர்வம்.

நூறு வருஷக் கோடு

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத விஷயம் குறுக்கே வந்தது. மற்ற இருவரும் விட்டுக்கொடுத்து, சிங்கப்பூர்த் தங்கையே அட்டிகையை எடுத்துக்கொள்ளட்டும் என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அவர் அடுத்த பயணத்தில் கையோடு கொண்டுபோக நினைத்திருந்தார்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். தனியார் அதை நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. வீட்டு நகை என்பதால் இதற்கு விலக்கு ஒன்றும் இல்லை. பெரும்பாலான பழைய நகைகளில் வயதைச் சொல்ல முடியாததால் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். இந்த அட்டிகைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. ரௌத்திரி ஆவணி, அதாவது 1920 ஆகஸ்ட்-செப்டம்பர், நூறைத் தாண்டிவிட்டது.

தங்கையிடம் வீடியோ அழைப்பில் பேசினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “தேதியை எழுதாம ரிப்போர்ட் தர முடியுமா சார்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆசையில் கேட்டார். முடியாது என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அட்டிகை ஊரிலேயே, அக்காவிடம் இருக்கிறது. தங்கைக்கு வைரத்தோடும் மிச்சத்துக்குப் பணமும். தம்பி கேட்டது ஒன்றே ஒன்று: கண்ணாடிக் கற்களை எடுத்துவிட்டு நல்ல ரூபி வைத்துவிடலாமா? ஈயக் கண்ணாடி நிரப்பிய அந்த ஒரு கல்லை மட்டும் மாற்றச் சொன்னேன். எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அதன் நிரப்பு அரிக்கும், அடுத்த முறை யாராவது சூடு காட்டினால் கல்லே பிளக்கும். கண்ணாடி ஐந்தையும் அப்படியே விடுங்கள், பொருத்தமான பழைய கெம்பு கையில் கிடைக்கும்போது, சூடில்லாமல் ஏடு அழுத்தத் தெரிந்த பத்தரை வைத்து மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய தேதியை அட்டவணையில் எழுதிவையுங்கள் என்றேன். அட்டவணையின் ஒரு பிரதியை அக்கா அந்தப் பழைய சாமான் பட்டியலுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார்.